கத்திரி வெயிலில் ஓவர்கிளாக்

கேள்வி: மதுரையில் மொட்டை மாடியில் ஒற்றை அறை, ஏசி கிடையாது. பழையதாக வாங்கிய ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்திருக்கிறேன், அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிறேன். முக்கியச் சிப்பான கோரின் கிளாக்கை 120, மெமரியை 800 மெகாஹெர்ட்ஸ் கூட்டியிருக்கிறேன். பவர் லிமிட்டை முழுக்கத் தள்ளியிருக்கிறேன். விளையாடத் தொடங்கிய இருபது நிமிடத்தில் கோர் 84, ஹாட்ஸ்பாட் 106, மெமரி 108 டிகிரி காட்டுகிறது. ஃபேன் இரைச்சல் தாங்கவில்லை, ஃபிரேம்களும் குறைந்துகொண்டே போகின்றன. வாட்டர் கூலிங் வாங்கிவிடலாமா?

வாங்க வேண்டாம். முதல் இரண்டு மாலைகளுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத வேலை இருக்கிறது. அதை முடித்த பிறகும் கை அரித்தால் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று எண்களையும் எழுதியிருக்கிறீர்களே, அதுவே பாதி வேலை. வழக்கமாக இந்தக் கேள்வி "கார்டு 84 போகிறது, வெடித்துவிடுமா?" என்ற வடிவில்தான் வரும். உங்களுடைய மூன்றில் 84தான் கவலைப்பட வேண்டாத எண். 3080 சிப்புக்கு என்விடியா சொல்லும் உச்சம் 93 டிகிரி. கார்டின் வேகத்தை மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திறந்தால் வெப்ப எல்லை 83 என்று ஏற்கெனவே இருக்கும். கார்டு அந்த எல்லையைத் தொட்டதும் தானே கிளாக்கைக் குறைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே நிற்கப் பார்க்கிறது. வண்டி மாடு தன் மூக்கணாங்கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டு நடப்பது போலத்தான்.

106 வேறு கதை. சிப்பின் பரப்பில் பல இடங்களில் சென்சார்கள் இருக்கின்றன. அந்த நொடியில் எது அதிகமோ அதுதான் ஹாட்ஸ்பாட். கோருக்கும் அதற்கும் 10 முதல் 15 டிகிரி வித்தியாசம் இருந்தால் நலம். உங்களுக்கு 22 இருக்கிறது. சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகப் பாகமான ஹீட்சிங்க் சிப்பின் மேல் சீராக உட்காரவில்லை, அல்லது இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது. சிப் சூடாகி விரிவதும் ஆறிச் சுருங்குவதுமாக இருக்கும்போது, பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுங்கி வெளியேறும். நாலைந்து வருடம் ஓடிய கார்டில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். புத்தம்புதுக் கார்டிலும் நடக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம்: 2022 டிசம்பரில் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டுகளில் சிலவற்றின் ஹாட்ஸ்பாட் 110ஐத் தொட்டது. ஹீட்சிங்குக்குள் இருக்கும் வேப்பர் சேம்பரில் போதிய நீர் இல்லாததே காரணம் என்று அடுத்த மாதம் ஏஎம்டி ஒப்புக்கொண்டது. கோர் வெப்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இந்தக் குறை அவ்வளவு எளிதில் தெரிந்திருக்காது.

உண்மையில் உங்கள் ஃபிரேம்களைத் தின்பது மூன்றாவது எண். 3080இல் இருப்பது ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி. வேகம் அதிகம், சூடும் அதிகம். 110 டிகிரியில் கார்டு மெமரியைக் காப்பாற்றக் கடிவாளத்தை இழுக்கும். எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் அதிகபட்ச வெப்பநிலைக்கு ஒரு தனி நிரல் இருக்கிறது. அதில் 110 ஒருமுறையாவது பதிவாகியிருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். அதே பட்டியலில் சற்றுக் கீழே போனால், கார்டின் வேகத்தை எது தடுக்கிறது என்று வெப்பம், பவர், வோல்டேஜ் எனத் தனித்தனி வரிகளில் ஆம் அல்லது இல்லை என்று காட்டும். விளையாட்டின் நடுவில் வெளியே வந்து அந்த வரிகளைப் பாருங்கள். வெப்பத்துக்கு நேரே 'ஆம்' என்று இருந்தால் வழக்கு முடிந்தது.

பழையதாக வாங்கினேன் என்கிறீர்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், கிராபிக்ஸ் கார்டுகளில் கணக்குப் போட்டு அந்த நாணயத்தை ஈட்டுவது, அதாவது அதைச் சுரங்கம் தோண்டுவது, ஒரே நாளில் நின்றுபோனது. ரேக் ரேக்காக ஓடிக்கொண்டிருந்த 3080கள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. அந்த வேலை சிப்பைவிட மெமரியைத்தான் இரவு பகலாக வாட்டியது. சுரங்கத்தில் ஓடிய கார்டு கெட்டுப்போனது என்று நான் சொல்லமாட்டேன். சீரான சூட்டில் ஓடியவை பல நன்றாகவே இருக்கின்றன. ஆனால் மெமரிக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே உள்ள தெர்மல் பேட்கள் வற்றிப்போயிருக்கும். கார்டின் ஓரங்களில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா என்று பாருங்கள். அது பேடிலிருந்து கசிந்த சிலிகான் எண்ணெய். அதனால் கார்டுக்குத் தீங்கில்லை, ஆனால் பேட் காய்ந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இனி வேலைக்கு வருவோம். முதல் வேலை, கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு அதே விளையாட்டை அதே இடத்தில் அரை மணி நேரம் ஓட்டுவது. கோர் வெப்பம் ஏழெட்டு டிகிரி இறங்கினால் குற்றவாளி கேபினெட். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து, காற்று நுழைய விரல் அகல இடுக்கு மட்டும் விட்டிருக்கும் அழகுப் பெட்டிகள் இப்படித்தான். ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்குகிறது என்றால் கேபினெட்டை விட்டுவிடுங்கள். தூசியையும் இப்போதே தட்டிவிடலாம். புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

அறையைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றில் குளிரும் எந்தக் கார்டும் அறை வெப்பத்தின் மேல்தான் தன் கணக்கைத் தொடங்கும். 24 டிகிரி ஏசி அறையில் 70 காட்டும் கார்டு, அதே வேலைக்கு, அதே ஃபேன் வேகத்தில், 38 டிகிரி அறையில் 84 காட்டும். இணையத்தில் நீங்கள் பார்க்கும் சோதனைகளில் பெரும்பாலானவை இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் அறைகளில் எடுக்கப்பட்டவை. "அவருக்கு 68, எனக்கு 84" என்ற மனக்கஷ்டம் பாதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது. கத்திரி நாளில் பகலெல்லாம் வெயிலைக் குடித்த மொட்டை மாடித் தளம் இரவு பத்து மணி வரை அதை அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு உங்கள் கணினி முழுவதுமாகச் சேர்ந்து 500 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் அறையில் தங்கும். கதவைச் சாத்திய அறையில் இன்னும் ஐந்து பேரை உட்காரவைத்தது போல. சீலிங் ஃபேன் நமக்குச் சுகம், ஏனென்றால் வியர்வை ஆவியாகிறது, கார்டுக்கு வியர்க்காது. அதற்குத் தேவை வெளியிலிருந்து வரும் புதுக் காற்று. ஜன்னலைத் திறந்து, கேபினெட்டின் பின்பக்கத்தைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

அடுத்தது வோல்டேஜ். எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உள்ள இடம் இது. சூட்டை வெளியேற்ற வழி தேடுவதற்கு முன், அவ்வளவு சூட்டை ஏன் உண்டாக்குகிறோம் என்று கேட்க வேண்டும். ஒரு சிப் எரிக்கும் மின்சாரம் கிளாக்குக்கு நேர் விகிதத்தில் ஏறுகிறது; வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தில் ஏறுகிறது. பவர் லிமிட்டை முழுக்கத் தள்ளிய 3080, சுமை அனுமதிக்கும்போதெல்லாம் 1.05 வோல்ட் பக்கம் ஏறி 1950 மெகாஹெர்ட்ஸில் ஓடும். அதையே 0.85 வோல்ட்டில் 1850இல் ஓட்டினால்? கிளாக்கில் இழப்பு 5 சதவீதம். 0.85ஐ 1.05ஆல் வகுத்து வர்க்கப்படுத்தி, அந்த 5 சதவீதத்தையும் கழித்தால் 0.62 வருகிறது. சிப்பின் பங்கில் மூன்றில் ஒரு பாகத்துக்கும் மேல் காணாமல் போகிறது. மெமரியும் மின்சுற்றுகளும் எடுப்பது அப்படியே இருக்கும் என்பதால் மொத்தக் கார்டில் இவ்வளவு இறங்காது. என் கார்டில் 335 வாட் 260 ஆனது. விளையாட்டில் ஃபிரேம் எண்ணிக்கையை மறைத்து வைத்தால் எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஓவர்கிளாக் செய்பவருக்குப் போய் வோல்டேஜைக் குறைக்கச் சொல்கிறாரே என்று முகம் சுளிக்காதீர்கள். இதுவும் ஓவர்கிளாக்தான். 0.85 வோல்ட்டில் கம்பெனி அந்தச் சிப்புக்கு விதித்த கிளாக் 1850ஐவிடக் குறைவு. நீங்கள் அந்த வோல்ட்டுக்கு அதிகம் கேட்கிறீர்கள். ஸ்லைடரை வலப்பக்கம் தள்ளும் ஓவர்கிளாக்கில், சூடு ஏறஏற என்விடியாவின் பூஸ்ட் முறை 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாக இறக்கிக்கொண்டே வரும். தொடங்கும்போது 1980 காட்டிய கார்டு இருபது நிமிடத்தில் 1830இல் நிற்கும். நீங்கள் ஏற்றியதை அது இறக்க, மிச்சம் இரைச்சல் மட்டும்.

செய்முறை இது. ஆஃப்டர்பர்னரில் முதலில் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்புங்கள். கன்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்தினால் வோல்டேஜ் வளைகோடு திறக்கும். இடமிருந்து வலமாக ஏறும் சின்னச் சின்னக் கட்டங்கள். முதன்மைச் சாளரத்தில் கோர் கிளாக்கை 250 குறைத்துப் பதியுங்கள், முழுக் கோடும் கீழே இறங்கும். இப்போது அடி அச்சில் 850 மில்லிவோல்ட்டுக்கு நேர் மேலே உள்ள ஒரே ஒரு கட்டத்தைப் பிடித்து 1800 வரை தூக்குங்கள். மறுபடி பதியுங்கள். அந்தக் கட்டத்துக்கு வலப்பக்கம் உள்ள அனைத்தும் மேசைபோல் சமமாகிவிடும். கார்டு இனி 0.85 வோல்ட்டைத் தாண்டாது. அரை மணி நேரம் விளையாடிப் பாருங்கள். நின்றால் 15, 15 ஆகக் கூட்டுங்கள். விளையாட்டு முடங்கினாலோ கார்டின் டிரைவர் மென்பொருள் விழுந்து எழுந்தாலோ இரண்டு படி இறங்கி அங்கேயே விட்டுவிடுங்கள். 1850 எல்லாச் சிப்புக்கும் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். ஒரே பெட்டியில் வந்த இரண்டு கார்டுகள்கூட ஒன்றுபோல் இருக்காது. விண்டோஸ் தொடங்கும்போதே இதை ஏற்றும் வசதியை ஒரு வாரம் கழித்துப் போடுங்கள். அவசரப்பட்டுப் போட்டுவிட்டு, கணினி ஏறும்போதெல்லாம் முடங்குகிறது என்று சேஃப் மோடைத் தேடியவர்கள் உண்டு.

சோதிக்க ஃபர்மார்க் வேண்டாம். அது கார்டை வதைக்க எழுதப்பட்டது. எந்த விளையாட்டும் தராத சுமையைத் தந்து, பவர் எல்லையில் முட்டி, கிளாக்கைக் கீழே இழுத்துவிடும். 0.85இல் 1850 நிலையாக நிற்கிறதா என்பது அதில் தெரியாது. 3டிமார்க்கின் டைம் ஸ்பை அழுத்தச் சோதனை 20 சுற்று ஓடும், ஃபிரேம் வேகம் 97 சதவீதம் நிலையாக இருந்தால் தேர்ச்சி. அதற்குப் பிறகு நீங்கள் வழக்கமாக விளையாடும் விளையாட்டிலேயே ஒரு முழு மாலை. அதைவிடக் கறாரான பரீட்சகர் இல்லை.

மெமரிக்குக் கூட்டிய 800க்கு ஒரு சூட்சுமம் உண்டு. ஜிடிடிஆர்6எக்ஸை ஆளும் பகுதி, தரவு பிழையாக வந்தால் கண்டுபிடித்து மறுபடி அனுப்பச் சொல்லும். பழைய கார்டுகளில் மெமரி எல்லை மீறினால் திரையில் புள்ளிகளும் கோடுகளும் தெரிந்து நமக்கு எச்சரிக்கை கிடைக்கும். இதில் எதுவும் தெரியாது. மறுபடி மறுபடி அனுப்பி அனுப்பி வேகம் மட்டும் சத்தமில்லாமல் குறையும். 800இல் கிடைக்கும் மதிப்பெண் 400இல் கிடைப்பதைவிடக் குறைவாக இருந்தால் வியப்படையாதீர்கள். பூஜ்யத்திலிருந்து நூறு நூறாக ஏற்றி, மதிப்பெண் ஏறுவது நின்ற இடத்திலிருந்து இருநூறு இறங்கிவிடுங்கள். பேட் மாற்றும் வரை பூஜ்யமே போதும்.

ஃபேன் விஷயம் சுருக்கம். வோல்டேஜ் இறங்கியதும் ஃபேன் தானாக அடங்கும். வளைகோடு போட விரும்பினால் 60 டிகிரிக்கு 45 சதவீதம், 75க்கு 65, 83க்கு 85 என்று வைத்துப் பாருங்கள். இறங்கும்போது மூன்று நான்கு டிகிரி தாமதம் கொடுங்கள். இல்லாவிட்டால் ஃபேன் மூச்சு வாங்குவது போல ஏறி ஏறி இறங்கும்.

இவ்வளவும் செய்த பிறகு கோர் எழுபதுகளில் வந்துவிடும். மெமரியும் சில டிகிரி இறங்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே ஹீட்சிங்கைப் பகிர்ந்துகொள்கின்றன. ஹாட்ஸ்பாட் வித்தியாசம் இருபதுக்கு மேலேயே நின்றால், அல்லது மெமரி நூறைத் தாண்டினால், கார்டைத் திறக்க வேண்டியதுதான். வாரண்டி மிச்சமிருந்தால் முதலில் அதைக் கேளுங்கள். திருகின் தலையில் ஒட்டிய சின்ன ஸ்டிக்கரைக் கிழித்த பிறகு கேட்பதில் பயனில்லை.

திறப்பதில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். என் கார்டின் பேட்களை முதன்முறை மாற்றியபோது, கடைக்காரர் கொடுத்த 2 மில்லிமீட்டர் பேடை அப்படியே வெட்டி வைத்தேன். என் கார்டுக்கு வேண்டியது 1.5. எல்லாத் திருகையும் இறுக்கி, மெமரி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஆசையோடு பார்த்தால் மெமரி 78தான், பிரமாதம். ஆனால் கோர் ஒரு நிமிடத்துக்குள் 90க்குப் போயிருந்தது. தடித்த பேட்கள் பத்தும் ஹீட்சிங்கைத் தாங்கிப் பிடித்துக்கொண்டன. சிப்புக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. திறந்து பார்த்தபோது சிப்பின் மேல் வைத்த பேஸ்ட் வைத்தபடியே பொட்டாக இருந்தது, நசுங்கவே இல்லை. ஆகவே உங்கள் கார்டின் தயாரிப்பாளர், மாடல் இரண்டையும் சரிபார்த்து பேடின் தடிமனைத் தெரிந்துகொண்ட பிறகே வாங்குங்கள். தெரியாவிட்டால், பழைய பேடில் எதன் மேலும் அழுந்தாமல் ஓரத்தில் பிதுங்கி நிற்கும் பகுதியை வெர்னியரில் அளக்கலாம். அழுந்திய நடுப்பகுதியை அளந்தால் கணக்கு பொய்த்துவிடும். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் தெர்மல் புட்டி கிடைக்கிறது. பிசைந்த மாவு போல இருக்கும், எந்த இடைவெளிக்கும் தானே அமர்ந்துகொள்ளும். இன்று செய்தால் நான் அதைத்தான் வைப்பேன்.

திறப்பதற்கு முன் பத்து நிமிடம் விளையாட்டை ஓட்டிக் கார்டைச் சூடாக்கி, கணினியை அணைத்து, உடனே கழற்றுங்கள். பேஸ்ட் இளகியிருந்தால் ஹீட்சிங்க் இலேசாக வரும். ஆறிய கார்டை நெம்பினால் சிப்பின் மூலை உடையும். சிப்பைச் சுற்றியுள்ள நான்கு ஸ்பிரிங் திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், மாட்டும்போதும் அதே முறை. ஹீட்சிங்கை உடனே தூக்கிவிடாதீர்கள். கீழே ஃபேன் ஒயர்கள் கார்டோடு சேர்ந்திருக்கும். புத்தகத்தைத் திறப்பது போல ஒரு பக்கம் சாய்த்து, பிளக்கின் பிளாஸ்டிக்கைப் பிடித்து ஆட்டிக் கழற்றுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். 3080இல் மெமரி சிப்புகள் பத்தும் முன்பக்கத்திலேயே இருப்பதால் வேலை எளிது. 3090 வைத்திருப்பவர்கள் பின்பக்கப் பன்னிரண்டையும் கவனிக்க வேண்டும். பழையதைத் துடைக்க எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். நகப்பூச்சு அழிப்பான் வேண்டவே வேண்டாம்.

சிப்புக்குப் பேஸ்ட் வைப்பதானால் கெட்டியானதாக வாங்குங்கள். இளகிய பேஸ்ட் முதல் வாரம் அருமையாக இருந்து, ஆறு மாதத்தில் பழையபடி பிதுங்கிவிடும். பேஸ்டுக்குப் பதில் ஹனிவெல் பிடிஎம்7950 தாள் வைப்பது நல்லது. 45 டிகிரி வாக்கில் இளகிப் பரவும், ஆறினால் மறுபடி இறுகும், அதனால் பிதுங்கி ஓடுவதில்லை. ஒட்டுவதற்கு முன் தாளைச் சில நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள், மேலுறை பிய்யாமல் உரியும். நம் ஊர் அறை வெப்பத்தில் அது மைசூர்பாகு மாதிரி விரலோடு வந்துவிடுகிறது. லிக்விட் மெட்டல் ஆசை இருந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அது மின்சாரத்தைக் கடத்தும், அதிலுள்ள கேலியம் அலுமினியத்தை அரித்துவிடும். ஒரு சொட்டு வழுக்கினால் கார்டின் கதை முடிந்தது.

பெடஸ்டல் ஃபேனைத் திறந்த கேபினெட்டுக்கு எதிரே வைப்பது பற்றியும் கேட்கப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன். வேலை செய்யும். இரண்டு மாதத்தில் ஹீட்சிங்க் துடுப்புகளுக்கு நடுவே கம்பளி மாதிரித் தூசி படிந்திருப்பதையும் பார்ப்பீர்கள். ஏர் கூலரைக் கேபினெட்டின் பக்கம் திருப்புவதை மட்டும் எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள்.

வாட்டர் கூலிங்குக்கு வருகிறேன். அது சிப்பிலிருந்து சூட்டை வேகமாக எடுத்து ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும், சத்தமும் குறையும், அது பொய்யில்லை. ஆனால் எடுத்த சூட்டை எங்கே கொட்டும்? அதே மொட்டை மாடி அறைக்குள்தான், அதே 38 டிகிரி காற்றில்தான். 350 வாட் உள்ளே வந்தால் 350 வாட்டும் உங்கள் மேசைக்குக் கீழேயே வெளியேறும். கார்டு 65இல் சுகமாக இருக்கும், உங்களுக்குத்தான் நெற்றியிலிருந்து சொட்டும். 260 வாட்டில் ஓட்டினால் அறைக்கு 90 வாட் மிச்சம். அந்தப் பணத்துக்கு ஜன்னலில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுவிட்டு, பாக்கியில் பேடும் பிடிஎம் தாளும் வாங்குங்கள். பேடை வெட்டுவதற்கு முன் தடிமனை இரண்டு முறை அளந்துகொள்ளுங்கள்.